கணப்புத் தட்டியின் போலிப் பூச்சு கெட்டுவிட்டால்: மலையகத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

தோட்டத்துப் பங்களாவின் கணப்பு எல்லா நாட்களிலும் எரிவதில்லை. எரியாத நாட்களில் கரி படிந்த அந்த வாயை மறைத்து நிறுத்துகிற தட்டியைப் பற்றியதே இக்குறிப்பு. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அல்லது ப்ளைவுட் பலகைகள் மூன்றைப் பிணைச்சலால் கோத்து, அவற்றின் முகத்தைச் சலவைக்கல்லாகவோ முதிரை மரமாகவோ களிம்பேறிய செம்பாகவோ தோன்றச் செய்வதைத்தான் போலிப் பூச்சு என்கிறோம். அடிநிறம், அதன்மேல் கிளேஸ் எனப்படும் ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணம், கடைசியில் வார்னிஷ் என்று மூன்று படைகளில் முடிகிற வேலை இது.

செய்முறை விளக்கங்கள் பெரும்பாலும் வெப்பமும் உலர்ந்த காற்றும் உள்ள அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸாக இருக்கும் நுவரெலியாவில் அவற்றை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும் பூச்சு கெடும். கை தவறிக் கெட்ட தட்டிகளைவிடக் காற்றின் ஈரத்தால் கெட்ட தட்டிகளே என் பட்டறைக்கு அதிகமாக வருகின்றன. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும், தூரிகையையும் வண்ணத்தையும் சந்தேகிப்பதற்கு முன் வேலை செய்த அன்று வானிலை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். போலிச் சலவைக்கல்லின் நரம்பும் போலி மரத்தின் வரியும் இதற்கு விலக்கு. அவை கெட்டிருந்தால் குற்றம் கையுடையதே.

ஈரத்தைப் பார்க்கும் இரண்டு வழிகள்

வெப்பநிலையையும் ஈரப்பதனையும் ஒன்றாகக் காட்டும் சிறிய மின்கருவி ஒன்று பட்டறைச் சுவரில் இருப்பது நல்லது. அதை வைத்து ஒரு மனக்கணக்குப் போடலாம். ஈரப்பதன் நூறிலிருந்து ஒவ்வொரு 5 சதவீதம் குறையும்போதும், பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலையைவிட ஏறத்தாழ 1 பாகை கீழே இறங்கும். பூச வேண்டிய பலகையின் வெப்பநிலை அந்தப் பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது மேலே இருக்க வேண்டும். அறை 16 பாகை, ஈரப்பதன் 90 சதவீதம் என்றால் பனிபடுநிலை 14. பலகை 17 பாகையில் இருக்க வேண்டும், ஆனால் அறையே 16தான். அன்றைக்கு வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். அதே அறை 20 பாகை, 70 சதவீதம் என்றால் கவலையின்றிப் பூசலாம்.

கருவி இல்லாதவர்கள் ஈரத்துணியால் பலகையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கலாம். கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரத்தடம் மறைந்துவிட்டால் வேலையைத் தொடங்கலாம். மறையாவிட்டால் அன்று சாண்ட் பேப்பர் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு மலையகத்தாருக்குத் தெரிந்த ஒரு கணக்கே போதும். டிம்புலத் தேயிலை மணம் ஏறும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் வார்னிஷுக்கும் ஏற்றவை. ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்று தேயிலைக்குச் செய்வதையே பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து வார்னிஷுக்கும் செய்கிறது. ஆனால் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழும் என்பதால், வறட்சியை நம்பி மாலையில் பூசிவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் பூசி முடித்துவிட வேண்டும்.

அறிகுறி: பூச்சு கொப்புளித்திருக்கிறது, அல்லது கீழ்ப்பகுதி மட்டும் பழுப்பேறியிருக்கிறது

இது பூச்சின் கோளாறன்று, தட்டியைப் பயன்படுத்திய விதத்தின் கோளாறு. ஆபத்து இதில் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகையால் செய்த அலங்காரத் தட்டி எரியும் நெருப்புக்கு முன்னால் நிற்பதற்காகச் செய்யப்பட்டதன்று. நெருப்பு மூட்டுவதற்கு முன் அதைத் தூக்கி, கணப்பிலிருந்து ஒரு மீற்றருக்குக் குறையாத தூரத்தில், முடிந்தால் வேறு அறையிலேயே வைத்துவிட வேண்டும். தீப்பொறி தெறிப்பதைத் தடுப்பதற்கு உரியது இரும்புச் சட்டத்தில் கம்பி வலை பொருத்திய தட்டி மட்டுமே.

கொப்புளம் பெரும்பாலும் அணைந்துவிட்டதாக நினைத்த கணப்பினால்தான் வருகிறது. தேயிலைச் செடியில் வெட்டிய காய்ந்த குச்சியான மிலாறு சீக்கிரம் எரிந்து தணிந்துவிடும். ஆனால் டர்பன்டைன் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ் மரத்துக் கட்டை சாம்பலுக்கு அடியில் மறுநாள் காலை வரைகூடக் கங்கு வைத்திருக்கும். மேலே சாம்பல் வெளுத்திருப்பதைப் பார்த்து இரவே தட்டியை முன்னால் நிறுத்திவிட்டால், பலகை கருகுவதோடு, புகைபோக்கிக்குப் போக வேண்டிய நச்சு வாயு அறைக்குள் திரும்பவும் வழி ஏற்படுகிறது. இரும்புக் கரண்டியால் சாம்பலைக் கிளறிப் பார்த்து, அடியும் ஆறிவிட்டது என்று உறுதியான பிறகே தட்டி திரும்ப வர வேண்டும்.

கெட்ட பகுதியைச் சரிசெய்யும்போது கொப்புளங்களை மட்டும் சுரண்டி ஒட்டுப்போட முயல வேண்டாம். சூடுபட்ட பூச்சு சுற்றியுள்ள பகுதியிலும் பிடிப்பை இழந்திருக்கும். அந்தப் பலகையின் முகத்தை முழுவதும் இறக்கிவிட்டு, பிரைமரிலிருந்து மீண்டும் தொடங்குவதே வழி. எம்.டி.எஃப். கருகியிருந்தால் பலகையையே மாற்றுங்கள்.

அறிகுறி: நாட்கணக்கில் பிசுபிசுப்பு போகவில்லை

டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் உலரும் நேரம் பெரும்பாலும் 25 பாகையை ஒட்டிய வெப்பநிலைக்கு உரியது. எண்ணெய்ப் பூச்சு தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. வெப்பம் 10 பாகை குறைந்தால் அந்த இறுகல் ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கொழும்பில் ஓர் இரவில் காய்வது இங்கே இரண்டு, மூன்று நாள் எடுப்பதில் வியப்பில்லை. ஆகவே முதல் மருந்து பொறுமை.

ஐந்து நாளுக்குப் பிறகும் விரல் ஒட்டினால் கிளேஸின் கலவையைச் சந்தேகியுங்கள். நரம்பு வரைவதற்கு அவகாசம் வேண்டும் என்று எண்ணெயைக் கூட்டி ஊற்றுவதே வழக்கமான தவறு. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் 1 பங்குக்கு டர்பன்டைன் 2 பங்கு என்பது என் அளவு. மழைக்காலத்தில் டர்பன்டைனை 3 பங்காக உயர்த்துவேன். காய்ச்சாத எண்ணெயை இந்த உயரத்தில் பயன்படுத்தவே கூடாது. ஒட்டுகிற பூச்சுக்கு மேல் வார்னிஷ் பூசி மூடிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அடி இளகியிருக்க மேல் இறுகும்போது சுருக்கம் விழும். பலகையை வெயில் படும் ஜன்னலோரத்தில் காற்றோட்டமாக ஒரு வாரம் நிறுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் டர்பன்டைன் நனைத்த துணியால் கிளேஸை மட்டும் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி பூசுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

அப்படித் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

நீரில் கரையும் அக்ரிலிக் கிளேஸ் இந்தத் தொல்லையைத் தராது, வேறொன்றைத் தரும். 10 பாகைக்குக் கீழே அதன் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாவதில்லை. காய்ந்ததுபோல் தெரிந்தும் நகத்தால் கீறினால் மாவாக உதிரும். அதற்குத் திருத்தம் கிடையாது, தேய்த்து நீக்க வேண்டியதுதான். பூசிய அறை இரவிலும் குளிராமல் இருக்க வழி செய்துகொண்ட பிறகே அக்ரிலிக்கைத் தொடங்குங்கள்.

அறிகுறி: வார்னிஷின்மேல் பால்போல வெள்ளை படர்ந்திருக்கிறது

சில ஆண்டுகளுக்கு முன் பங்களா ஒன்றுக்குக் கரும்பச்சைச் சலவைக்கல் பூச்சில் தட்டி ஒன்று செய்து கொடுத்தேன். முடித்து வைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் அங்கிருந்த அப்பு (பங்களாப் பணியாள்) தொலைபேசியில் அழைத்தார்.

“பாஸ், உங்க கல்லு பூத்துப் போச்சு. துடைச்சாலும் போகுதில்ல.”

“அண்ணே, அதைத் துடைக்காதீங்க. நேற்று அந்திக்கு ஜன்னலைச் சாத்தினீங்களா?”

“எங்க சாத்துறது? வார்னிஷ் வாடை போகட்டும்னு நீங்கதானே திறந்து வைக்கச் சொன்னீங்க.”

அவர் சொன்னது சரி. பிற்பகல் நாலரைக்குக் கடைசிப் படையைப் பூசிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைக்கும்படி சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடித்தவன் நான். ஐந்தரைக்கு மலையிலிருந்து இறங்கிய மூடுபனி அந்த ஜன்னல் வழியே நேராக வார்னிஷுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வார்னிஷின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு அறையைவிடக் குளிர்ந்துபோகிறது. ஈரக் காற்றிலுள்ள நீர் அந்தக் குளிர்ந்த முகத்தில் படிந்து, காயாத படலத்துக்குள் நுண்துளிகளாகச் சிக்கிக்கொள்கிறது. வெள்ளையாகத் தெரிவது அந்தத் துளிகளே. கரும்பச்சை, கறுப்புச் சலவைக்கல்லில் இது கண்ணை உறுத்தும். வெள்ளைக் கல்லில் பல நாள் கழித்தே தெரியவரும்.

அவலரக்கை (ஷெலாக்) ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் பிரெஞ்ச் பொலிஷ் பூசியிருந்தால் திருத்துவது எளிது. வறண்ட நாளில், நண்பகலில், ஸ்பிரிட் துளிகள் மட்டும் தெளித்துப் பிழிந்த பருத்தித் துணி உருண்டையால் வேகமாகவும் மிக இலேசாகவும் ஒரு தடவை இழுத்தால் மேல்தோல் இளகி, நீர் வெளியேறி, வெள்ளை மறையும். உருண்டை ஓரிடத்தில் நின்றுவிட்டால் அந்த இடம் குழம்பிப் போகும் என்பதால், பலகைக்கு வெளியே கையை ஓடவிட்டு, ஓடும் கையோடு பலகையில் இறங்கி, ஓடும் கையோடு வெளியேற வேண்டும். எண்ணெய் வார்னிஷில் இந்த வித்தை நடக்காது. முழுவதும் இறுகியபின் 400 எண் சாண்ட் பேப்பரை நனைத்து மேல்படலத்தை மட்டும் தேய்த்தெடுத்துவிட்டு, நல்ல நாளில் இன்னொரு படை பூச வேண்டும். அந்தப் பங்களாவில் நான் செய்ததும் அதைத்தான்.

அறிகுறி: கிளேஸ் ஒட்டாமல் திட்டுத்திட்டாக விலகுகிறது

எண்ணெய்த் தோசைக்கல்லில் தண்ணீர் உருண்டோடுவதுபோல் கிளேஸ் ஓடி ஒதுங்கினால், அடிநிறம் மிகவும் பளபளப்பாக இருக்கிறது அல்லது அதில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அடிநிறத்துக்குப் பளபளப்பான எனாமலை வாங்கிவிடுவதே பெரும்பாலும் காரணம். அரைப் பளபளப்புள்ள வகையே வேண்டும். 320 எண் சாண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்து, சோக்குத்தூளைச் சற்று நனைத்த துணியில் தொட்டு முகம் முழுவதும் தடவி, காய்ந்ததும் தூளை உதறிவிடுங்கள். மெழுகோ சிலிக்கோன் பொலிஷோ பட்ட பழைய பலகையாக இருந்தால் முதலில் டர்பன்டைனால் இருமுறை, ஒவ்வொரு முறையும் புதிய துணியால், துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் அடிநிறத்தின்மேல் நீர்க் கிளேஸ் பூசினாலும் இதுவே நடக்கும். அடியும் கிளேஸும் ஒரே வகையாக இருந்தால் தலைவலி குறையும்.

அறிகுறி: நரம்பு சலவைக்கல்லாகத் தெரியவில்லை, வீதி வரைபடமாகத் தெரிகிறது

இதுவும் அடுத்து வரும் மரவரியும் கையின் குற்றம். மழையும் பனியும் தப்பிவிடுகின்றன.

பெரும்பாலானோர் நரம்பை ஒரே தடிப்பில், ஒரே கருமையில், ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை இழுத்துவிடுகிறார்கள். போதாதென்று ஒன்றையொன்று பெருக்கல் குறியாக வெட்டிச் செல்ல விடுகிறார்கள். கல்லில் நரம்பு என்பது பாறை அழுத்தத்தில் வெடித்த கோட்டில் வேறு கனிமம் ஊறி நிரம்பிய தடம். ஆகவே அவை ஏறத்தாழ ஒரே சாய்வில் ஓடும். கிளை பிரியும், மீண்டும் சேரும். ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மங்கி, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி கரைந்துபோகும். ஒரு தட்டிக்கு முதன்மையான நரம்பு இரண்டோ மூன்றோ போதும். மிச்சமெல்லாம் அவற்றின் கிளைகளாகவும் நிழல்களாகவும் இருக்க வேண்டும்.

எல்லாக் கல்லிலும் நரம்பு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மாத்தளை, திகணைப் பக்கங்களில் வெட்டியெடுக்கும் நம்மூர்ப் பளிங்குச் சுண்ணக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீனிக்கட்டிபோல மினுங்கும் பருக்கைகளும் ஆங்காங்கே சாம்பல், பச்சைச் சாயல்களும் இருக்குமே தவிர, இத்தாலியக் கராராக் கல்லில் காணும் சாம்பல் நரம்புகள் அதில் அரிது. நரம்பு வராத கைக்கு இந்தக் கல் பெரிய வரம்: வெள்ளை அடிநிறத்தின்மேல் இரண்டு மூன்று சாம்பல் சாயல்களைக் கடற்பஞ்சால் ஒற்றி, ஈரமாக இருக்கும்போதே மென்தூரிகையால் கலைத்துவிட்டால் வேலை முடிந்தது.

கராராவைத்தான் செய்வேன் என்பவர்களுக்கு, தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கோழியிறகை எடுங்கள் என்பேன். வால் இறகு சிறந்தது. இறகின் விளிம்பைச் சாம்பல் கிளேஸில் தொட்டு, காகிதத்தில் ஒரு தடவை இழுத்து மிகையை இறக்கிவிடுங்கள். தண்டின் நுனியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தளர்வாகப் பிடித்து, முழங்கையிலிருந்து கையை இழுத்துக்கொண்டே விரல்களுக்குள் இறகை மெல்லத் திருகுங்கள். படுத்த இறகு அகன்ற மங்கிய தடத்தையும் நிமிர்ந்த இறகு மயிரிழையையும் தரும். திருகும் கணத்தில் ஒன்று மற்றொன்றாக மாறும். கை சற்று நடுங்கினால் நல்லது. இரண்டு நிமிடத்துக்குள் காய்ந்த மென்தூரிகையை நரம்புக்குக் குறுக்கே, தூசி தட்டும் அளவு இலேசாக ஓட்டுங்கள். கோட்டின் ஒரு பக்கம் கலைந்து கல்லுக்குள் இறங்கியதுபோல் தெரியும். இரு பக்கமும் கலைத்துவிட்டால் அது புகையாகிவிடும்.

ஏற்கெனவே காய்ந்துவிட்ட வீதி வரைபடத்தை அழிக்க வேண்டியதில்லை. அடிநிற வெள்ளையைக் கிளேஸில் நன்றாக நீர்க்கக் கலந்து, நரம்புகளின் முக்கால் பங்கு நீளத்தை மேகம்போல மூடிவிடுங்கள். மூடப்பட்டவை ஆழத்தில் ஓடும் நரம்புகளாகிவிடும். அவற்றின்மேல் இரண்டை மட்டும் இறகால் புதிதாக வரையலாம். இப்படித் திருத்திய தட்டிகள் சில வேளைகளில் முதலிலேயே சரியாக வந்தவற்றைவிட அழகாக இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்து வீடுகளில் சுண்ணச்சாந்துச் சுவரைச் சலவைக்கல்லாகக் காட்டிய கைவினைஞர்கள், சுவரை ஒரே கல்லாக விடாமல் தனித்தனிக் கட்டிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அகன்ற தட்டியை நீங்களும் அப்படிப் பிரிக்கலாம். பென்சிலால் இணைப்புக் கோடு இட்டு, நரம்பு அந்தக் கோட்டைத் தாண்டித் தொடராமல், அடுத்த துண்டில் வேறு சாய்வில் தொடங்கும்படி செய்தால், பார்ப்பவர் கண் தானாகவே கல் என்று நம்பிவிடும்.

அறிகுறி: மரவரியில் ஒரே கண் திரும்பத் திரும்ப வருகிறது

வளைந்த ரப்பர் முகமுள்ள மரவரிக் கருவியை ஆட்டி ஆட்டி இழுப்பவர்கள் ஒரு பலகைக்குள்ளேயே நாலைந்து வயிரக் கண்களை உண்டாக்கிவிடுகிறார்கள்; தவளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருக்கும். ஓர் இழுப்புக்கு ஒரு கண், அதுவும் நடுவில் இல்லாமல் மேலேயோ கீழேயோ இருக்க வேண்டும். அதற்கு இரு பக்கத்துப் பலகைகளிலும் சீப்பால் நேர்வரி மட்டும் இழுங்கள். கிளேஸ் ஈரமாக இருக்கும்போதே நீண்ட மயிர்த் தூரிகையின் பக்கவாட்டால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனால், வரிகள் உடைந்து மரத்தின் நுண்துளைகள்போல் ஆகும். இந்தத் தட்டலைச் செய்யாத மரவரி எப்போதும் அச்சடித்ததுபோலவே தெரியும்.

நிறத்திலும் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. அடிநிறம் மரத்தின் மிக வெளிறிய வரியின் நிறமாக இருக்க வேண்டும், சராசரி நிறமாக அன்று. முதிரைக்கு வெளிர் மஞ்சள், பலாவுக்குச் சற்று அழுத்தமான மஞ்சள், தேக்குக்கு மங்கிய காவி மஞ்சள். தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கின் (சில்வர் ஓக்) பலகை கிடைத்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி பழகலாம். குறுக்கே ஓடும் அதன் கதிர்ச் செதில்களை எந்தக் கருவியாலும் போட முடியாது என்பது அப்போது விளங்கும். அவற்றை விரல் நுனியில் துணி சுற்றி, ஈரக் கிளேஸில் சிறு சிறு கீற்றுகளாகத் துடைத்தெடுக்க வேண்டும். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் தம் போலி மரத்துக்கும் போலிக் கல்லுக்கும் பரிசு பெற்ற தோமஸ் கேர்ஷோவின் பலகைகள் அந்நகரத்து விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது பயிற்சிக்குச் சமம்.

அறிகுறி: களிம்புப் பச்சை பொம்மைச் சாயமாகத் தெரிகிறது, பொன் இலை கறுத்துவிட்டது

செம்பில் களிம்பு நீர் தேங்கும் இடத்தில்தான் ஏறும். மேடுகளிலும் தட்டையான நடுப்பகுதியிலும் பச்சையை அப்பிவிட்டால் நம்பும்படி இருக்காது. செம்பு நிறத்தின்மேல் காவிப் பழுப்பை முதலில் மெல்லப் பூசி, பிறகு நீலப்பச்சையைச் சோக்குத்தூள் கலந்து தடிப்பாக்கி, மூலைகளிலும் வேலைப்பாட்டின் பள்ளங்களிலும் மட்டும் ஒற்றுங்கள். மேட்டில் பட்டதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இந்தப் பூச்சுக்குப் பளபளப்பு வார்னிஷ் கூடாது.

மலிவான பொன் இலை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தகடு. உண்மைப் பொன்னைப்போல் அது காற்றைத் தாங்காது. மூடாமல் விட்டால் நம் ஈரத்தில் சீக்கிரமே மங்கும், வியர்வைக் கை பட்ட இடம் விரல்ரேகையோடு கறுக்கும். கறுத்ததைத் தேய்த்து மீட்க முயன்றால் இலை கிழியும். அந்தத் துண்டின்மேல் மட்டும் புதிய இலை ஒட்டி, மறுநாளே அவலரக்கு ஒரு படை பூசி அடைத்துவிடுங்கள்.

அறிகுறி: வெள்ளைக் கல் மஞ்சளாகிவிட்டது

ஆளிவிதை எண்ணெயும் எண்ணெய் எனாமலும் இருட்டில் மஞ்சளாகும். கணப்பு அறையின் திரைச்சீலை நாள்முழுவதும் மூடியே இருந்தால் இது விரைவாக நடக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்: துணியில் பழுப்பு வந்தால் அது புகைப்படிவு, சோப்பு நீரில் போய்விடும். துணி சுத்தமாக இருந்தால் பூச்சின் மஞ்சள். தட்டியைச் சில நாட்கள் வெளிச்சமான ஜன்னலருகே வைத்தால் ஓரளவு வெளுக்கும், முழுவதும் போகாது. அடுத்த முறை வெள்ளைக் கல்லுக்கு அடி முதல் வார்னிஷ் வரை அக்ரிலிக்கையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: பலகை வளைந்துவிட்டது, ஓரம் ஊதிவிட்டது, பின்புறம் கரும்புள்ளிகள்

மூன்றுக்கும் காரணம் ஒன்று: பின்புறத்தையும் ஓரங்களையும் யாரும் பார்க்கப் போவதில்லை என்று பூசாமல் விட்டது. முகத்தில் ஐந்தாறு படை அடைப்பு, முதுகில் ஒன்றுமில்லை என்றால், முதுகுப்பக்கம் மட்டும் ஈரத்தை இழுத்து விரிந்து பலகை வளையும். முகத்துக்கு எத்தனை படையோ முதுகுக்கும் அத்தனை படை என்பது மலையகத்தில் விதி. எம்.டி.எஃப். ஓரங்களுக்குப் பூசுவதற்கு முன் பி.வி.ஏ. எனப்படும் வெள்ளை மரப்பசையை நீர்க்கச் செய்து இருமுறை தேய்த்து, ஒவ்வொரு முறையும் சாண்ட் பேப்பர் போட வேண்டும்.

வளைந்த பலகை குழிந்த பக்கம் கீழாக, நாலு மூலையில் கட்டை வைத்து, மேலே எடை ஏற்றி, உலர்ந்த அறையில் இரண்டு வாரம் கிடந்தால் பெரும்பாலும் நிமிரும். நிமிர்ந்த உடனே முதுகை அடைத்துவிடுங்கள். ஊதிய ஓரம் திரும்பச் சுருங்காது. அதைச் சீவியெடுத்துவிட்டு மெல்லிய மரச்சட்டம் ஒட்டுவதே நல்லது. கரும்புள்ளி பூஞ்சணம், நீர்க்கச் செய்த வெளுக்கும் திரவத்தால் ஜன்னலைத் திறந்துவைத்துத் துடைத்து, நன்கு காயவிட்டுப் பிறகு பூசுங்கள். அந்தத் திரவத்தோடு வினாகிரியையோ வேறு சுத்திகரிப்பு மருந்தையோ சேர்க்கக் கூடாது, நச்சு வாயு எழும்.

கணப்பின் வாயைத் தட்டி காற்றுப் புகாமல் அடைத்து நின்றாலும் பூஞ்சணம் வரும், ஏனெனில் புகைபோக்கி வழியே இறங்கும் ஈரம் அங்கேயே தேங்கும். அடியில் இரண்டு விரல் உயர இடைவெளி விடும்படி கால் வைத்தால் போதும்.

அறிகுறி: தட்டி சாய்கிறது

மூன்று மடிப்புத் தட்டி நேர்க்கோட்டில் நின்றால் கதவு திறக்கும் காற்றுக்கே விழும். இரு சிறகுகளும் நடுப்பலகையிலிருந்து 30 பாகை அளவேனும் உள்மடங்கி நிற்க வேண்டும். பழைய பங்களாக்களின் கணப்பு மேடை பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை. தட்டியை அந்த மேடையிலேயே நிறுத்திப் பார்த்து, ஆடும் காலின் அடியில் தேவையான தடிப்புக்குத் தோல் துண்டு ஒட்டுங்கள். பிணைச்சலின் ஆணி முகப்பக்கம் துளைத்து வந்துவிடாதபடி, பலகையின் தடிப்பைவிட 4 மில்லிமீற்றர் குட்டையான திருகாணியை வாங்குங்கள். இறகால் இரண்டு நாள் வரைந்த நரம்பின் நடுவே ஆணிமுனை ஒன்று எட்டிப் பார்ப்பதை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன்; அந்த இடத்தில் கிளை நரம்பு ஒன்று வரைய வேண்டியதாயிற்று.